சிப் மாநாட்டில் யார் கேள்வி கேட்பார்கள்?

போன இதழில் சிப் வடிவமைப்பு வேலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாநாடுகளைப் பற்றிக் கேட்கின்றன. பேப்பர் அனுப்பலாமா, பணம் கட்டலாமா, போனால் அங்கே என்ன செய்வது என்று. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: பெங்களூரில் சிப் கம்பெனிகளில் பல வருஷம் டைமிங் வேலை பார்த்துவிட்டு இப்போது திருநகரில் இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பிராஜக்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

உசிலம்பட்டியிலிருந்து இசிஇ மூன்றாம் ஆண்டு மாணவர்: மேடம், எங்கள் ஹெச்ஓடி வகுப்பில் டாக், ஐசிகேட், டேட் என்று மாநாட்டுப் பெயர்களாகச் சொல்கிறார். எல்லாம் இடிஏ மாநாடுகளாம். இடிஏ என்றால் சிப் வரையும் சாஃப்ட்வேர்தானே? அதற்கு எதற்கு வருஷா வருஷம் மாநாடு?

சாஃப்ட்வேர்தான் தம்பி. ஆனால் அது இல்லையென்றால் உங்கள் கையில் போன் இல்லை. 1971-ல் இன்டெல் 4004 வந்தபோது அதில் இருந்தது சுமார் 2,300 டிரான்சிஸ்டர். லேஅவுட்டை, அதாவது சிப்பின் வரைபடத்தை, கையால் வரைந்து, ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி மாஸ்க் தயார் செய்தார்கள். 2020-ல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பில் 1,600 கோடி டிரான்சிஸ்டர். இதை யார் உட்கார்ந்து வரைவது? நீங்கள் வெரிலாக் என்ற மொழியில் எழுதுவதைக் கேட்களாக, அதாவது சின்னச் சின்ன லாஜிக் சர்க்யூட்களாக மாற்றுவது, ஒவ்வொரு கேட்டையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்வது, ஒரு பிட்டைச் சேமிக்கும் ஃபிளிப்-ஃபிளாப் எல்லாவற்றுக்கும் கிளாக் துடிப்பு ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி பார்ப்பது, கம்பி இழுப்பது, சிக்னல்கள் உரிய நேரத்துக்குள் போய்ச் சேருகின்றனவா என்று டைமிங்கைச் சோதிப்பது, ஃபேக்டரியின் விதிகள் எங்காவது மீறப்பட்டிருக்கிறதா என்று தேடுவது, இத்தனையும் செய்கிற நிரல்களுக்குத்தான் இடிஏ, அதாவது எலக்ட்ரானிக் டிசைன் ஆட்டோமேஷன் என்று பெயர்.

மதுரைக்காரருக்கு இதை விளக்க மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் போதும். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வளையம் வளையமாக இருக்கிறதல்லவா? சிப்பின் நடுப்பகுதியைச் சுற்றியும் மின்சாரம் கொடுக்கிற உலோக வளையங்கள் இப்படித்தான் ஓடும். எந்தக் கடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விளக்குத்தூண் பக்கம் நெரிசல் கூடும், குறையும். கேட்களைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டால் கம்பி இழுக்கும்போது அதே நெரிசல் வரும். சில இடங்களில் கம்பி நுழையவே வழி இருக்காது. கோடிக்கணக்கான கேட்களை அடுக்க எத்தனையோ விதம் உண்டு. அவற்றில் ஆகச் சிறந்த ஒன்றைத் தேடிப் பிடிக்க எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆயுள் போதாது. போதுமான அளவு நல்ல விடையைச் சீக்கிரம் எடுக்கும் வழிகளைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். டிரான்சிஸ்டர் சிறிதாகும்போதெல்லாம் நேற்றைய வழி இன்றைக்குப் போதாமல் போய்விடும். வருஷா வருஷம் கூடுவதற்குக் காரணம் அதுதான்.

டாக், அதாவது டிசைன் ஆட்டோமேஷன் கான்ஃபரன்ஸ், 1964-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் சின்னப் பட்டறையாகத் தொடங்கியது. கம்ப்யூட்டரை வைத்து வடிவமைப்பு செய்கிறவர்கள் ஒருவர் அனுபவத்தை இன்னொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடிய கூட்டம் அது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஏஎஸ்பி-டாக் 1995-ல் ஜப்பானில் தொடங்கியது. ஐரோப்பாவின் டேட் 1998-ல் பாரிஸில். நம் நாட்டில் விஎல்எஸ்ஐ டிசைன் மாநாடு 1985-ல் சென்னையில் ஒரு பட்டறையாக ஆரம்பித்தது. இன்றைக்கு அது ஜனவரி மாதத்தில் ஊர் ஊராக மாறி நடக்கிறது.

இவற்றில் படிக்கப்பட்ட பேப்பர்கள் அலமாரியில் தூங்கவில்லை. சர்க்யூட்டை இரண்டாகப் பிரிக்க ஃபிடூசியாவும் மாத்தீசஸும் சொன்ன முறை 1982 டாக்கில் வந்தது. இன்றும் பாடத்தில் இருக்கிறது. 2001 டாக்கில் 'சாஃப்' என்றொரு நிரலைப் பற்றிய பேப்பர் வந்தது. லட்சக்கணக்கான நிபந்தனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறைவேறுமா என்று சோதிக்கும் நிரல் அது. சிப்பில் தப்பு இருக்கிறதா என்று கணித ரீதியாகச் சரிபார்க்கும் வேலையையே அது புரட்டிப் போட்டது. அதை எழுதியவர்களில் இரண்டு பேர், வேலை நடந்தபோது, பிரின்ஸ்டனில் உங்களைப் போல இளங்கலை மாணவர்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

விருதுநகரிலிருந்து ஒரு தகப்பனார்: அம்மா, எனக்கு மளிகைக் கடை. மகள் இசிஇ கடைசி வருஷம். அவள் பேப்பர் ஒரு சர்வதேச மாநாட்டில் ஏற்கப்பட்டதாக மெயில் வந்திருக்கிறது. அனுப்பிய மறுநாளே பதில் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் பன்னிரண்டாயிரம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? படிப்பு விஷயம், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அண்ணாச்சி, கட்டாதீர்கள். மகளைத் திட்டவும் செய்யாதீர்கள். அவள் பேப்பர் நல்ல பேப்பராகவே இருக்கலாம். அதை யாரும் படிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மறுநாளே பதில் வந்ததாகச் சொல்கிறீர்கள். அதுவே போதும். ஒரு நல்ல மாநாட்டில் பேப்பர் அனுப்பக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அதற்குப் பிறகு எழுதியவர் பெயர் தெரியாமல் மறைத்து, அந்தத் துறையில் வேலை செய்கிற மூன்று நான்கு பேரிடம் கொடுப்பார்கள். அவர்கள் தனித்தனியாகப் படித்து, எது நன்று, எது புரியவில்லை, எந்தக் கணக்கு இடிக்கிறது என்று எழுதுவார்கள். அப்புறம் குழு கூடி முடிவெடுக்கும். டாக் மாநாட்டுக்கு நவம்பரில் அனுப்பினால் முடிவு தெரிய பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். அவ்வளவு காத்திருந்தும் நான்கில் ஒன்று ஏற்கப்பட்டாலே பெரிது. எந்த முடிவு வந்தாலும் அந்த மூன்று நான்கு பேர் எழுதிய குறிப்புகளும் கூடவே வரும். உங்கள் மகளுக்கு வந்த மெயிலில் அப்படி ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். "உங்கள் கட்டுரை மிகச் சிறப்பாக உள்ளது" என்ற ஒரு வரி குறிப்பாகாது.

பணம் வாங்குவதே தப்பு என்று இல்லை. நல்ல மாநாடுகளும் பதிவுக் கட்டணம் வாங்கும். ஏற்கப்பட்ட பேப்பருக்கு ஒருவராவது பதிவு செய்தாக வேண்டும். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்கும். ஆனால் அங்கே படிப்பது முதலில், பணம் பிறகு. இன்னும் சந்தேகமாக இருந்தால் மகளிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். அந்த மாநாட்டுக் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவரின் சொந்தக் கல்லூரிப் பக்கத்துக்குப் போய், அவர் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று பார்க்கட்டும். அப்புறம், போன வருஷம் அதே மாநாட்டில் வந்த பேப்பர்களை ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் ஐஇஇஇ, ஏசிஎம் அல்லது ஸ்பிரிங்கர் தளத்தில் தேடி எடுத்துப் படிக்கட்டும். அவர்கள் சின்னத்தை நோட்டீஸில் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். பேப்பரை ஒட்ட முடியாது. விவசாயம், மேலாண்மை, நானோ, சிப் எல்லாம் ஒரே மாநாட்டில் என்று போட்டிருந்தால் தேடக்கூட வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளை, அம்மாவின் தோட்டை அடகு வைத்து இப்படி ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தாள். ஹோட்டல் அறை ஒன்றில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசவிட்டு, கையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "என்ன கேள்வி கேட்டாங்க?" என்றேன். "யாரும் ஒண்ணுமே கேக்கல மேடம்" என்றாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்து செய்த வேலை. ஒரு மனிதர்கூட அதைப் படித்துவிட்டு, "இது ஏன் இப்படி?" என்று கேட்கவில்லை.

உங்கள் மகள் பேப்பரை நான் படிக்கிறேன் அண்ணாச்சி. ஆசிரியர் குழு வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

மேலூரிலிருந்து ஒரு மாணவி: மேடம், இதெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா என்றே இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் உண்மையான மாநாடு ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, திருப்பரங்குன்றத்திலேயே. 2018 ஜூன் 28 முதல் 30 வரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் விடாட் நடந்தது. சிப் வடிவமைப்புக்கும் சோதனைக்குமான அந்த வருடாந்தர மாநாட்டின் 22-வது கூட்டம் அது. நாடு முழுக்க இருந்து 200-க்கும் மேல் பேப்பர் வந்து, தேர்ந்தெடுத்தவற்றை ஸ்பிரிங்கர் புத்தகமாகப் போட்டது. புத்தகத்தின் அட்டையில் 'மதுரை' என்று இருக்கும். விடாட் 2014-ல் கோயம்புத்தூரிலும் 2024-ல் வேலூரிலும் நடந்தது. மேலூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

ஆனால் போவது எதற்கு என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். மேடையில் பேசுவதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது போஸ்டர் அமர்வு. சுவர் ஓரமாகப் போஸ்டரை ஒட்டிவிட்டு நிற்பீர்கள். யார் வேண்டுமானாலும் வந்து, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அப்படி ஓர் அமர்வில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் புதுவிதமான ஆடர், அதாவது எண்களைக் கூட்டும் சர்க்யூட் செய்து, "மின்சாரம் 40 சதவீதம் குறைவு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். வயதான ஒருவர் வந்து கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கேட்டது ஒரே வார்த்தை: "எதைவிட?" பையன் ஒரு பழைய பேப்பரின் பெயரைச் சொன்னான். அந்தப் பேப்பரில் இருந்தது 180 நானோமீட்டர் தொழில்நுட்பம், 1.8 வோல்ட். இவன் செய்தது அதைவிடச் சிறிய டிரான்சிஸ்டர்கள் கொண்ட 45 நானோமீட்டரில், 1 வோல்ட்டில். வோல்டேஜ் குறைந்தாலே மின்சாரச் செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அப்படியென்றால் அந்த 40 சதவீதத்தில் இவன் சர்க்யூட்டின் பங்கு எவ்வளவு?

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெரியவர் விட்டுவிட்டுப் போகவில்லை. நோட்டை வாங்கி ஓர் அட்டவணை போட்டார். பழைய ஆடரையும் புதிய ஆடரையும் ஒரே தொழில்நுட்பத்தில், ஒரே வோல்டேஜில், வெளியே ஒரே கெபாசிட்டன்ஸ் வைத்து, ஒரே உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டு. அப்புறம் சதவீதத்தை எழுது. இவ்வளவுதான் சொன்னார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பையனுக்கு அன்றைக்குக் கிடைத்ததை எந்தச் சான்றிதழாலும் கொடுக்க முடியாது. நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வரும் பேப்பர்களில் நான் அதிகம் பார்க்கிற குறையும் இதேதான்: எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை யோசிக்காமல் சதவீதம் போடுவது. உங்கள் போஸ்டரில் ஒரு சதவீதம் இருந்தால், "எதைவிட?" என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

சிவகங்கையிலிருந்து ஓர் உதவிப் பேராசிரியர்: மேடம், எங்கள் கல்லூரியில் பெரிய கம்பெனி டூல்களுக்கு லைசென்ஸ் இல்லை. வாங்க நிர்வாகத்திடம் பணமும் இல்லை. டூல் இல்லாமல் இடிஏ மாநாட்டுக்கு என்ன எழுத முடியும்?

சார், பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கவலைப்பட்டிருப்பேன். இன்றைக்கு நிலைமை வேறு. 2020-ல் கூகுளும் ஸ்கைவாட்டர் என்ற சிப் ஃபேக்டரியும் சேர்ந்து 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் விவரக் கோப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டன. அதுவரை ரகசிய ஒப்பந்தம் போடாமல் யாரும் கண்ணால்கூடப் பார்க்க முடியாத சமாச்சாரம் அது. வெரிலாக்கைக் கேட்களாக்க யோசிஸ், அங்கிருந்து லேஅவுட் வரை கொண்டுபோக ஓப்பன்ரோட், பார்க்கவும் திருத்தவும் கேலேஅவுட்டும் மேஜிக்கும், சர்க்யூட் சிமுலேஷனுக்கு என்ஜிஸ்பைஸ். எல்லாமே இலவசம், எல்லாவற்றின் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. மேஜிக் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதி 1984 டாக்கில் அறிமுகப்படுத்தியது. ஓப்பன்ரோட் 2018-ல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பாவின் பணத்தில், சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைமையில் தொடங்கியது. மனிதர் கை வைக்காமல் 24 மணி நேரத்தில் லேஅவுட் முடிய வேண்டும் என்பது அதன் இலக்கு.

சொல்லப்போனால் இடிஏ ஆராய்ச்சிக்கு இதுதான் வசதி. கம்பெனி டூலில் ஒரு பொத்தானை அழுத்தி வந்த ரிப்போர்ட்டை ஒட்டினால் அது டூலைப் பயன்படுத்திய பேப்பர். ஓப்பன்ரோடில் கேட்களை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் பிளேஸ்மென்ட் நிரலைத் திறந்து, அதில் ஒரு பகுதியை மாற்றி, முன்னே பின்னே ஒப்பிட்டுக் காட்டினால் அது இடிஏ பேப்பர். ஒப்பிட சர்க்யூட் வேண்டுமா? 1985-ல் கியோட்டோவில் நடந்த ஐஸ்காஸ் என்ற சர்க்யூட் மாநாட்டில் பத்து சர்க்யூட்களைப் பொதுவில் வைத்தார்கள். சோதனை முறைகளைப் படிக்கிறவர்கள் இன்றும் அவற்றில்தான் கை பழகுகிறார்கள். பெரிய அளவில் வேண்டுமென்றால், லேஅவுட் வேலைகளுக்கான ஐஎஸ்பிடி மாநாட்டின் போட்டிகளில் கொடுத்த சர்க்யூட்கள் இருக்கின்றன. ஐசிகேட் 2012 முதல் வருஷந்தோறும் ஒரு போட்டி நடத்துகிறது. தொழிற்சாலைகளில் உண்மையாகவே தலைவலி கொடுக்கிற பிரச்சினைகளைக் கேள்வியாகக் கொடுப்பார்கள். உங்கள் மாணவர்களில் சி++ நன்றாக எழுதுகிற மூன்று பேரைப் பிடித்து, பழைய வருஷக் கேள்வி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைப் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தத் துறைக்கு அல்காரிதம் தெரிந்தவர்கள்தான் அதிகம் வேண்டும்.

கம்பெனி டூலே வேண்டுமென்றாலும் வழி அடைத்துவிடவில்லை. மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப் திட்டத்தில் இருக்கும் கல்லூரிகளுக்கு, சிடாக் என்ற அரசுக் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனத்தின் பெங்களூர் சிப்இன் மையம் வழியாக அந்த டூல்கள் கிடைக்கின்றன. உங்கள் முதல்வரை விட்டு எழுதச் சொல்லுங்கள்.

பரமக்குடியிலிருந்து ஒரு மாணவர்: எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது மேடம். மேடையில் நின்றால் உளறிவிடுவேன்.

ஜப்பானியரும் தைவான்காரரும் கொரியரும் இந்த மாநாடுகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எத்தனையோ பேர் வாக்கியத்தை முடிக்கவே திணறுவார்கள். அரங்கம் பொறுமையாகக் கேட்கும், ஏனென்றால் திரையில் இருக்கும் படம் பேசும். உங்கள் பேச்சை முதலில் நண்பனிடம் தமிழில் முழுக்கச் சொல்லிப் பாருங்கள். தமிழில் எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ அங்கே உங்களுக்கு விஷயமே சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்த பிறகு இங்கிலீஷுக்குப் போங்கள். கேள்வி விளங்கவில்லையென்றால் திரும்பச் சொல்லும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து பிஹெச்டி மாணவி: ஐசிகேட்டுக்கு அனுப்பிய பேப்பர் திரும்பி வந்துவிட்டது. ஒரு ரிவ்யூவர் அருமை என்கிறார். இன்னொருவர் புதிதாக ஒன்றுமில்லை என்கிறார். மூன்றாமவர் இரண்டு புதிய பேப்பர்களோடு ஒப்பிடச் சொல்கிறார். யாரை நம்புவது? என் கைடு, மாநாடே வேண்டாம், ஏதாவது ஜர்னலுக்கு அனுப்பு என்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. ஐசிகேட்டில் மூன்று பேர் உங்கள் பேப்பரை உட்கார்ந்து படித்து எழுதியிருக்கிறார்கள். அதுவே நல்ல ஆரம்பம்.

மூன்றாமவரிலிருந்து தொடங்குங்கள். அவர் சொன்னது வேலை; செய்தால் முடிந்துவிடும். அந்த இரண்டு பேப்பரின் நிரலும் பொதுவில் இருந்தால் இறக்கி, உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டி ஒப்பிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் பயன்படுத்திய அதே சர்க்யூட்களில் உங்கள் முறையை ஓட்டுங்கள். புதிதாக ஒன்றுமில்லை என்றவர் மேல் கோபம் வரும், இயற்கைதான். இரண்டு நாள் கழித்து, உங்கள் பேப்பரின் முதல் பக்கத்தை மட்டும் அவர் கண்ணால் படித்துப் பாருங்கள். முன்னால் என்ன இருந்தது, அதில் எது போதவில்லை, நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிகிறதா? பெரும்பாலும் புதுமை நான்காம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். பாராட்டியவரின் குறிப்பைக் கடைசியாகப் படியுங்கள். எது அவருக்குப் பிடித்ததோ அதை வெட்டிவிடாமல் இருக்க அது உதவும்.

உங்கள் கைடு சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேறு பல துறைகளில் மாநாடு என்பது முன்னோட்டம், ஜர்னல்தான் கணக்கு. இடிஏவில் அப்படி இல்லை. டாக், ஐசிகேட், டேட் பேப்பர்களை இந்தத் துறையில் ஜர்னலுக்கு இணையாகவே மதிப்பார்கள். புது விஷயம் முதலில் வருவது இங்கேதான். ஐசிகேட் முடிவு வந்த கையோடு ஏஎஸ்பி-டாக்குக்கு அனுப்பும் தேதி பெரும்பாலும் ஜூலையில் வரும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். கண்டுபிடித்தால் இரண்டு பக்கமும் நிராகரிப்பார்கள்.

தேனியிலிருந்து ஒரு வாசகர்: இனி சிப் வடிவமைப்பையே ஏஐ செய்துவிடும் என்கிறார்களே, அப்புறம் இந்த மாநாடுகளுக்கு என்ன வேலை?

இதற்குப் பதிலாக நிஜத்தில் நடந்த ஒன்றையே சொல்கிறேன் ஐயா. 2021 ஜூனில் கூகுள் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிப்பில் பெரிய பெரிய மெமரித் தொகுதிகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய மனிதர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். தங்கள் ஏஐ அதை ஆறு மணி நேரத்துக்குள் செய்கிறது, தரமும் குறையவில்லை என்றார்கள். உலகமே பேசியது. சான் டியாகோவைச் சேர்ந்த ஆண்ட்ரூ காங் அதை வரவேற்று நேச்சரிலேயே ஒரு குறிப்பு எழுதினார். நான் மேலே சொன்ன ஓப்பன்ரோடின் தலைவர் அவர்தான்.

அதே காங், பிறகு தன் மாணவர்களோடு உட்கார்ந்து அந்த முறையைப் பொதுவில் கிடைத்த தகவலை வைத்துத் திரும்பக் கட்டினார். 2023 ஐஎஸ்பிடி மாநாட்டில் முடிவைச் சொன்னார். அவர்கள் ஓட்டிப் பார்த்த சர்க்யூட்கள் பலவற்றில், தற்செயலாக மாற்றி மாற்றிப் பார்த்து நல்ல விடையை நோக்கி நகரும், 1983-லிருந்து எல்லோருக்கும் தெரிந்த சிமுலேட்டட் அனீலிங் முறையும் கடையில் கிடைக்கும் கம்பெனி டூலும் அந்த ஏஐயைவிட நன்றாக வந்தன. நிரல், சர்க்யூட், கணக்கு எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார்கள். நேச்சரில் எழுதியிருந்த வரவேற்புக் குறிப்பையும் காங் திரும்பப் பெற்றுக்கொண்டார். கூகுள்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் முறைக்கு முன்பயிற்சி கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுக்கவில்லை; போதுமான கம்ப்யூட்டரும் ஒதுக்கவில்லை என்றார்கள். நேச்சர் 2024-ல் அந்தக் கட்டுரைக்கு ஒரு பிற்சேர்க்கை வெளியிட்டது. கூகுள் அந்த முறைக்கு ஆல்ஃபாசிப் என்று பெயர் வைத்து, தன் சொந்த சிப்களில் பயன்படுத்துவதாகச் சொல்கிறது.

யார் பக்கம் நியாயம் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பையனின் போஸ்டர் முன்னால் பெரியவர் கேட்ட "எதைவிட?" என்ற கேள்வியை, உலகத்தின் மிகப் பெரிய கம்பெனி ஒன்றைப் பார்த்தும் கேட்க முடிந்தது. கேட்டவர்கள் ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும். ஏஐ எவ்வளவு நன்றாக வரைந்தாலும், வரைந்தது சரியா என்று யாராவது இப்படி ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாநாடுகளுக்கு இனிமேல்தான் வேலை அதிகம்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர்: மாநாட்டுக்குப் போனால் வேலை கிடைக்குமா?

நேரடியாகக் கிடைக்காது. ஆனால் கண்காட்சிப் பகுதியில் கம்பெனி இன்ஜினியர்கள் நிற்பார்கள். ரெஸ்யூமை நீட்டாமல், நீங்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி அவர்களிடம் பேசுங்கள். நேர்காணலுக்கு வந்த பிள்ளைகளில் எனக்கு ஞாபகம் இருப்பவர்கள் எல்லாம் முன்பே எங்காவது என்னிடம் ஒரு கேள்வி கேட்டவர்கள்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு மாணவி: பேப்பர் எழுத இன்னும் எனக்குத் தகுதி இல்லை. சும்மா கேட்கப் போகலாமா? செலவு எப்படிச் சமாளிப்பது?

தாராளமாகப் போகலாம். விஎல்எஸ்ஐ டிசைன் மாநாட்டில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஃபெல்லோஷிப் உண்டு. பேப்பர் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வந்ததும் உங்கள் துறைத் தலைவரிடம் பரிந்துரை வாங்கி உடனே அனுப்புங்கள். பெங்களூரில் நடக்கும் வருஷமென்றால் நமக்கு வசதி. ராத்திரி மதுரையில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். போவதற்கு முன்னால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து மூன்றே மூன்று பேப்பரைத் தேர்ந்தெடுங்கள். அவற்றின் சுருக்கத்தைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அரங்கில் எழுந்து கேட்கத் தைரியம் வரவில்லையென்றால் டீ இடைவேளையில் பேசியவரிடமே போய்க் கேளுங்கள். நின்று பதில் சொல்வார்கள். திரும்பி வந்ததும் அந்த மூன்று பதிலையும் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழ்களில் இங்கேயே போடுகிறேன்.